புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டு குரூப்பும் அருளோட மல்லாட்டை (வேர்க்கடலை) என்ஜினும்

செவ்வாய்

பெரியப்பா: (காலை வணக்கம் படம், தாமரைப்பூ)

அருள்: எல்லாரும் ஒரு நிமிஷம். இங்க பிரான்ஸ்ல ஒரு கார் பாத்துருக்கேன், செகண்ட் ஹேண்ட், மாஸ்டா ஆர்எக்ஸ்-8, 2005 மாடல், 98,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, 6,500 யூரோ சொல்றாரு. வாங்கலாமா வேணாமான்னு ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு

அம்மா: சாப்டியா

அருள்: சாப்டேன்மா

சுதா: அப்ப அந்த க்ளியோ?

அருள்: அத வித்துட்டு தான் இது. ரெண்டு வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்ட முடியாது

அருள்: (படம்)

பிரவீன்: டேய் அண்ணா!!! பின் கதவு எதிர்பக்கமா தொறக்குமே அதானே!! வீடியோ கேம்ல இத தான் ஓட்டுவேன், சத்தமே பரபரபரபரன்னு வரும்

கதிர் மாமா: மாப்ள என்ஜின் என்ன

அருள்: 1308 சிசி மாமா

கதிர் மாமா: 6500 யூரோ குடுத்து 1300 சிசியா. அந்த காசுக்கு இங்க மஞ்சக்குப்பத்துல நல்ல செகண்ட் ஹேண்ட் வண்டி ரெண்டு எடுத்து ஒண்ண வாடகைக்கு விடலாம்

அருள்: மாமா 231 குதிரை பவர். 9,000 ஆர்பிஎம், நிமிஷத்துக்கு 9,000 சுத்து வரைக்கும் சுத்தும். இதுல பிஸ்டனே கிடையாது

கதிர் மாமா: (குரல் பதிவு 1:52)

சுதா: மாமா நான் ஆபீஸ்ல இருக்கேன் டைப் பண்ணுங்க

கதிர் மாமா: என்னத்த டைப் பண்ண, பிஸ்டன் இல்லாம எப்டிம்மா ஓடும், 30 வருஷமா முதுநகர் ஹார்பர்ல படகு என்ஜின் பிரிச்சு மாட்றவன் கிட்ட வந்து பிஸ்டன் இல்லங்கறான், கேட்டா வெளிநாட்டு வண்டிம்பான்

அருள்: மாமா கோவப்படாதீங்க. மல்லாட்டைய தோலோட நீட்டுவாக்குல ரெண்டா வெட்டுனா உள்ள எப்டி இருக்கும், நடுவுல லேசா இடுப்பு மாதிரி ஒடுங்கி? அந்த வடிவத்துல ஒரு கூடு. அதுக்குள்ள மூணு மூலை வெச்ச, பக்கமெல்லாம் கொஞ்சம் உப்புன சமோசா மாதிரி ஒரு இரும்பு. அது பேரு ரோட்டர். அது கோணலா உருண்டுட்டே இருக்கும், மூணு மூலையும் எப்பவும் கூட்டுச் சுவர ஒரசிட்டே போவும். ஒரு பக்கம் பெட்ரோல் காத்த உள்ள இழுக்கும், அப்டியே சுத்தி நசுக்கும், ப்ளக் பொறி விடும், தள்ளும், புகை வெளிய போவும். ஒரே நேரத்துல மூணு பக்கமும் வேற வேற வேலை பாத்துட்டு இருக்கும். ரோட்டர் ஒரு சுத்து சுத்துனா நடு ஷாஃப்ட் மூணு சுத்து சுத்தும். வால்வு இல்ல, அத தொறக்கற கேம் ஷாஃப்ட் இல்ல, டைமிங் செயின் இல்ல. இந்த வண்டில ரோட்டர் ரெண்டு

அம்மா: மல்லாட்டை இங்க வெல ஏறிப்போச்சு

கதிர் மாமா: சரி. அந்த மூணு மூலையில எது அடைக்குது

அருள்: என்ன மாமா

கதிர் மாமா: பிஸ்டனுக்கு ரிங் இருக்கு, ரிங் தேஞ்சா கம்ப்ரஷன் போச்சு, நசுக்கற அழுத்தம் நிக்காது. உன் சமோசாவுக்கு மூலையில என்ன இருக்குன்னு கேக்கறேன்

அருள்: (சிரிப்பு) ரெண்டு வாரமா படிச்சதுல கடைசியா வந்து நின்ன இடம் அதான் மாமா, நீங்க ரெண்டு நிமிஷத்துல வந்துட்டீங்க. அபெக்ஸ் சீல்னு ஒரு சின்ன பட்டை, மூலைக்கு ஒண்ணு, அடியில ஸ்ப்ரிங் வெச்சு தள்ளும். அது தேஞ்சா என்ஜின் காலி

கதிர் மாமா: சுவர ஒரசிட்டே 9000 சுத்து சுத்துதுன்னா ஆயில் யாரு குடுக்கறது அந்த பட்டைக்கு

அருள்: என்ஜின் ஆயிலையே கொஞ்சம் கொஞ்சமா உள்ள பீச்சி எரிக்கும், கம்பெனியே அப்டி தான் செஞ்சுருக்கான். அதனால ரெண்டு தடவ டாங்க் ரொப்புனா ஒரு தடவ ஆயில் குச்சி எடுத்து பாக்கணும். சில பேர் அதுவும் போதாதுன்னு பெட்ரோல்லயே டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊத்தற 2டி ஆயில் கலக்குறாங்க

கதிர் மாமா: டேய் அப்ப இது டிவிஎஸ் 50டா!!!

அப்பா: மைலேஜ் எவ்வளவு

அருள்: 7, 8 வரும்பா

அப்பா: லிட்டருக்கா

அருள்: ம்

கதிர் மாமா: கடலூர்ல இருந்து முள்ளோடை பங்குக்கு பெட்ரோல் அடிக்க வர்றவன் நான், லிட்டருக்கு கொஞ்சம் காசு மிச்சம்னு. எனக்கே நெஞ்ச அடைக்குது

பெரியப்பா: அருள், இந்த என்ஜின் எனக்குத் தெரியும். 73ல நான் பிரான்ஸ்ல பட்டாளத்துல சொல்தாவா இருந்தப்ப சித்ரோயன் கம்பெனியே ஜிஎஸ் வண்டியில ரெண்டு ரோட்டர் வெச்சு விட்டான். அதே நேரத்துல அரபு நாட்ல பெட்ரோல் விலைய ஏத்திட்டான், இந்த வண்டி பெட்ரோல குடிக்கும், யாரு வாங்குவா. 850 வண்டி கூட செய்யல. பிற்பாடு பார்ட்ஸ் செஞ்சு குடுக்கற தலவலி வேணாம்னு வித்த வண்டிய கம்பெனியே திரும்ப வாங்கி நசுக்கிப்புட்டான். எங்க கப்ரால் ஒருத்தன் ஆசப்பட்டு பாத்துட்டே நின்னான், வாங்கல. தப்பிச்சான்

அருள்: பெரியப்பா இது எனக்கு தெரியவே தெரியாது

பெரியப்பா: அதுக்கும் முன்ன ஜெர்மன்காரன் என்எஸ்யு, ரோ 80னு ஒரு கார். 67ல வந்துது. பாக்க அவ்வளவு அழகு. என்ஜின் போயி போயி கம்பெனி வாரண்டில மாத்திக் குடுத்தே நொடிச்சுப் போயி 69ல ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போச்சு. விடாப்பிடியா கட்டிட்டு அழுதவன் ஜப்பான்காரன் ஒருத்தன் தான்

பிரவீன்: அழல பெரியப்பா, 1991ல லெ மான் 24 மணி நேர ரேஸ் ஜெயிச்சாங்க!! மாஸ்டா 787பி, நாலு ரோட்டர், ஜப்பான் கம்பெனில மொதல்ல ஜெயிச்சது அதான். அதுவும் பிரான்ஸ்லயே வந்து

பெரியப்பா: பரீட்சைக்கு இப்டி படிக்கறியா நீ

அம்மா: நல்லா கேளுங்க

புதன்

சுதா: டேய் ஓட்டி முடிச்சுட்டு அந்த கார இங்க கொண்டு வரலாமா, பிஒய்னு நம்ம புதுச்சேரி நம்பர் போட்டு பீச் ரோட்ல ஒரு ரவுண்டு

அப்பா: வராதும்மா. பழைய வண்டி இம்போர்ட் பண்ணணும்னா செஞ்சு மூணு வருஷத்துக்குள்ள இருக்கணும், ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும். அது 20 வருஷ வண்டி, ஸ்டியரிங் இடது பக்கம். கப்பல்ல ஏத்துனா கப்பல்லயே திரும்பிப் போவும்

அப்பா: நான் கேக்கறது வேற. தினம் நீ எவ்வளவு தூரம் ஓட்டுவ

அருள்: வீட்ல இருந்து ஸ்டேஷன் 3 கிலோமீட்டர்பா. அங்க விட்டுட்டு ட்ரெயின். சனி ஞாயிறு கடைக்கு, எப்பவாச்சும் நார்மாண்டி பக்கம்

கதிர் மாமா: மாப்ள நேத்து ராத்திரி மீன் கொழம்ப கூட சரியா சாப்டாம யூட்யூப்ல உன் என்ஜின தான் பாத்துட்டு கெடந்தேன். உன் அத்தை திட்டுறா. ஒரு ஆளு சொன்னான், குளுந்த என்ஜின ஸ்டார்ட் பண்ணி ரெண்டு அடி நகத்திட்டு ஆஃப் பண்ணா அடுத்த தடவ எடுக்காதாமே, நெசமா

அருள்: நெசம் மாமா. சூடேறற வரைக்கும் கம்ப்யூட்டர் பெட்ரோல அதிகமா விடும். பாதில ஆஃப் பண்ணிட்டா அந்த பெட்ரோல் உள்ளயே தேங்கி ப்ளக்கு நனைஞ்சுடும், சுவத்துல இருக்கற ஆயில் படலத்த கழுவி விட்ரும், ஆயில் இல்லன்னா சீல் அடைக்காது, கம்ப்ரஷன் இல்லாம செல்ஃப் மட்டும் சுத்திட்டே இருக்கும். ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுட்டு செல்ஃப் அடிச்சா பெட்ரோல் கட் ஆயி காத்து மட்டும் போயி உள்ள காயும், அதுக்கப்பறம் எடுக்கும். எடுத்தா

சுதா: டேய் உங்க தெருல மாசத்துக்கு ரெண்டு தடவ வண்டிய எதிர்பக்கம் மாத்தி விடணும்னு சொல்லுவியே, மொத 15 நாளு ஒரு பக்கம் அப்பறம் அடுத்த பக்கம்னு

அருள்: …

சுதா: அது ரெண்டு அடி தானே

கதிர் மாமா: இதுக்கு சொந்தமா ஷெட்டு இருக்கணும், காலைல எழுந்து ஒரு 20 நிமிஷம் சும்மா சுத்திட்டு வர நேரம் இருக்கணும். 3 கிலோமீட்டர்ல என்ஜின் சூடே ஏறாது மாப்ள. எங்க ஹார்பர்லயும் இப்டி தான், தினம் கடலுக்குப் போற போட்டு என்ஜின் கெடாது, கட்டிப்போட்டு வாரத்துக்கு ஒருக்கா அஞ்சு நிமிஷம் ஓட விடறான் பாரு, அவன் தான் சீசன் ஆரம்பிச்சதும் என் கிட்ட வந்து நிப்பான்

அருள்: இருந்தாலும் சனிக்கிழம போயி பாத்துட்டு வரேனே. அவரு கிட்ட கோன்த்ரோல் தெக்னிக் பேப்பர் இருக்கு, 6 மாசத்துக்குள்ள எடுத்தது, பாஸ்

அப்பா: அது நம்ம எஃப்சி மாதிரி தானே

அருள்: ஆமாம்பா. ப்ரேக்கு, லைட்டு, புகை, துரு எல்லாம் பாப்பாங்க. கம்ப்ரஷன் பாக்க மாட்டாங்க. அதுக்கு தனி மீட்டர் வேணும், சாதா மீட்டர் போட்டா மூணு பக்கத்துல எது நல்லா இருக்கோ அத மட்டும் காட்டி ஏமாத்திடும். ரோட்டரி வண்டி மட்டும் பாக்கற மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு, அவரையும் கூட்டிட்டு போறேன். 250 ஆர்பிஎம்ல 8.3 பார் அழுத்தம் புதுசுக்கு, 6.8க்கு கீழ போனா என்ஜின் பிரிக்கணும்

கதிர் மாமா: வண்டிக்காரன் கிட்ட போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெக்காதன்னு சொல்லு. போன உடனே பானெட்ட தொட்டு பாரு. பின் சக்கரத்து வளைவு, கதவுக்கு அடியில இருக்கற பட்டை ரெண்டையும் வெரல விட்டு தடவிப் பாரு, அங்க பனிக்கு ரோட்ல உப்பு போடறானாமே, எங்களுக்கு கடல் காத்து உங்களுக்கு அது

அருள்: சரி மாமா. ப்ளக்குக்கு கரண்ட் குடுக்கற காயில் நாலும் எப்ப மாத்துனாருன்னும் கேக்கணும், அது வீக்கானா எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போயி புகைய சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட்ட உருக்கிடும்

அம்மா: கோயிலுக்கு வேண்டிட்டு போ

சனி

அருள்: போயிட்டு வந்துட்டேன்

பிரவீன்: வாங்கிட்டியா!!!

அருள்: நான் போறப்பவே பானெட் சூடா இருந்துச்சு மாமா. கேட்டா இப்ப தான் கழுவி கொண்டு வந்தேன்னாரு. வண்டி சும்மா சொல்லக்கூடாது, துரு இல்ல, சீட்டு புதுசு மாதிரி. நெடுஞ்சாலைல எடுத்துப் போனேன், 4,000 வரைக்கும் ஒண்ணும் தெரியல, நம்ம க்ளியோவே தேவலன்னு தோணுச்சு, 6,000 தாண்டுனதும் ஒரு வெறி பிடிச்ச மாதிரி இழுக்குது, 9,000 கிட்ட பீப்னு ஒரு சத்தம் வந்து கியர் மாத்துங்குது, அதிர்வே இல்ல, தையல் மெஷின் மாதிரி. சிரிப்ப அடக்க முடியல எனக்கு

அருள்: திரும்பி வந்து ஆஃப் பண்ணிட்டு 10 நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணேன். ஏழு செகண்ட் செல்ஃப் அடிச்சுது

கதிர் மாமா: சூட்டுல எடுக்கலன்னா கம்ப்ரஷன் தான். நம்பர சொல்லு

அருள்: முன் ரோட்டர் 7.4, 7.5, 7.3. பின் ரோட்டர் 7.1, 5.8, 5.9

கதிர் மாமா: இரு

கதிர் மாமா: பின்னாடி பக்கத்து பக்கத்து ரெண்டு அறை கொறஞ்சிருக்கு, ஒண்ணு நல்லா இருக்கு. ஒரு மூலைப் பட்டை ரெண்டு அறைக்கு நடுவுல தானே நிக்குது? அப்ப அந்த ரெண்டு அறைக்கும் பொதுவா இருக்கற ஒரே ஒரு பட்டை தான் போயிருக்கு, மத்த ரெண்டும் பரவால்ல

அருள்: மாமா!! மெக்கானிக் அதே தான் சொன்னாரு, எழுத்துக்கு எழுத்து

அப்பா: மச்சான் நீ அங்க போயிருக்க வேண்டிய ஆளு

கதிர் மாமா: என்ன வெல சொல்றான் இப்ப

அருள்: நம்பர காட்டுனதும் 4,000க்கு இறங்கிட்டாரு. ஆனா பிரிச்சு மாட்ட 5,000 யூரோவாவது ஆகும்னு மெக்கானிக் சொல்றாரு

கதிர் மாமா: வாங்கிடு மாப்ள

சுதா: மாமா???

கதிர் மாமா: நான் வந்து பிரிக்கறேன். ரெண்டு நாள் வேலை. வால்வு இல்ல கேம் இல்லன்னா என்னா இருக்கு, நீட்டு போல்ட்ட கழட்டுனா இட்லி தட்டு மாதிரி அடுக்கடுக்கா வந்துடும்

அப்பா: உனக்கு பாஸ்போர்ட்டே இல்ல

அருள்: இல்ல மாமா, வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். 4,000ம் 5,000மும் கூட ஒரு பக்கம். வர்ற வழியில எங்க தெருவுல நம்ம க்ளியோவ எதிர்பக்கம் மாத்தி விட்டேன், 16ம் தேதி இன்னிக்கு. ஸ்டார்ட், அஞ்சு மீட்டர், ஆஃப். சாவிய கையில வெச்சுட்டு கொஞ்ச நேரம் உள்ளயே உக்காந்திருந்தேன்

அம்மா: நல்லதாப் போச்சு. சாப்டியா

பெரியப்பா: பியான் (பிரெஞ்சுல நல்லது)

கதிர் மாமா: மாப்ள ஒண்ணு கேக்கவா. அந்த மெக்கானிக் கிட்ட தேஞ்சு போன பழைய ரோட்டர் எதனா சும்மா கெடக்குமா

அருள்: கடை வாசல்ல கதவு சாத்தாம இருக்க முட்டு குடுத்து வெச்சிருக்காரு மாமா 😂 கேட்டா குடுத்துடுவாரு

கதிர் மாமா: மாசி மகத்துக்கு வரப்ப ஒண்ணு எடுத்துட்டு வா. ஷெட்ல வெச்சு பசங்களுக்கு காட்டணும். பட்டை ஒண்ணும் சேத்து

அம்மா: எவ்ளோ கனம் அது

அருள்: 4 கிலோ சொச்சம்மா

அம்மா: பொட்டில 23 கிலோ தான். எனக்கு ரெண்டு குக்கர் எழுதி வெச்சிருக்கேன்

கதிர் மாமா: அக்கா ஒரு குக்கர விட்டுக்குடேன்

அம்மா: (குரல் பதிவு 3:10)