அப்பாவுக்கு மாத்திரை இறங்கவில்லை, என்ன செய்யலாம்?

வணக்கம். அப்பாவுக்கு 74 வயது, பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. கை கால் ஓரளவு தேறிவிட்டது, ஆனால் மாத்திரை நேரம் வந்தாலே வீட்டில் போராட்டம்தான். தண்ணீர் முன்னால் ஓடிப் புரையேறுகிறது, மாத்திரை நாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவர் கண்கலங்கி இருமி முடிக்கப் பத்து நிமிடம் ஆகிறது.

அம்மா எல்லாவற்றையும் இடிகல்லில் பொடித்து வாழைப்பழத்தில் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நேற்று மருந்துக்கடைக்காரர்தான் நிறுத்தச் சொன்னார். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் அட்டையில் எஸ்ஆர் என்று இருக்கிறது, அதாவது நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டியது, பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடுமாம். அசிடிட்டிக்கான பான்டோபிரசோல் மேல்பூச்சு போனால் வயிற்று அமிலத்திலேயே வீணாகிவிடுமாம். நாங்கள் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று வயிற்றைக் கலக்கியது.

திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். மெட்ஃபார்மினைத் திரவமாக மாற்றிக் கேட்கலாமா? விழுங்குவதைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் யாராவது போயிருக்கிறீர்களா, எத்தனை தடவை போக வேண்டியிருந்தது? நிமிர்ந்து உட்கார்ந்து தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி விழுங்கச் சொல்கிறார்கள், அப்பா பழக்கதோஷத்தில் அண்ணாந்துதான் விழுங்குகிறார், அதை எப்படி மாற்றினீர்கள்?

தேனில் குழைத்துக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், சர்க்கரை ஏற்கனவே 240.