19 வெற்றி, 31 தோல்வி: 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் சாம்பியன் ஆனது எவ்வாறு?

கேள்வி – இரவுஆட்டம்

அனைவருக்கும் வணக்கம். வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணி, அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸை வென்ற 2019 சீசனின் முக்கிய ஆட்டங்களை அண்மையில் வரிசையாகப் பார்த்து முடித்தேன். மே 23 அன்று நியூயார்க் மெட்ஸிடம் தொடர்ந்து நான்காவது ஆட்டத்தையும் தோற்றபோது, அந்த அணி 19 வெற்றி, 31 தோல்வி என்ற நிலையில் இருந்தது. அதே அணிதான் அக்டோபர் 30 அன்று ஹூஸ்டனில் ஏழாவது ஆட்டத்தை 6-2 என்ற கணக்கில் வென்று கோப்பையைப் பெற்றது. வழக்கமான சீசனுக்குப் பின் வரும் பிளேஆஃப் சுற்றுகளில் ஐந்து முறை, தோற்றால் வெளியேற வேண்டும் என்ற நிலையில் களமிறங்கிய இவர்கள், ஐந்து ஆட்டங்களிலும் முதலில் பின்தங்கிப் பிறகே வென்றிருக்கிறார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். அந்த ஆண்டு இவர்களுடைய புல்பென் (ஆட்டத்தைத் தொடங்கும் எறிவாளருக்குப் பின் இடையில் வந்து வீசும் மாற்று எறிவாளர்கள்), ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.6 ரன்களுக்கு மேல் விட்டுக்கொடுத்தது. தேசிய லீக்கில் அதைவிட மோசமான புல்பென் வேறு எந்த அணிக்கும் இல்லை. ஆட்டத்தின் பிற்பகுதியைக் காக்க ஆள் இல்லாத ஓர் அணி, 106 ஆட்டங்களை வென்ற டாட்ஜர்ஸையும் 107 ஆட்டங்களை வென்ற ஆஸ்ட்ரோஸையும் எப்படித் தோற்கடித்தது? இதை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்வதா, அல்லது நான் கவனிக்கத் தவறிய காரணம் ஏதேனும் உண்டா?

மறுமொழி – மூன்றாம்தளம்

காரணம் உண்டு, நண்பரே. உங்கள் கேள்வியிலேயே அது பாதி இருக்கிறது. புல்பென் மோசமாக இருந்ததால், அக்டோபரில் மேலாளர் டேவ் மார்டினெஸ் அதை இயன்றவரை பயன்படுத்தாமலே ஆடினார்.

வழக்கமான சீசனில் ஏறக்குறைய ஆறு மாதங்களில் 162 ஆட்டங்கள் ஆட வேண்டியிருப்பதால், ஐந்து தொடக்க எறிவாளர்களும் அவர்களுக்குப் பின்னால் வரும் ஏழெட்டு மாற்று எறிவாளர்களும் இல்லாமல் எந்த அணியாலும் தாக்குப்பிடிக்க முடியாது. பிளேஆஃபில் நிலைமை வேறு. ஆட்டங்களுக்கு நடுவே ஓய்வு நாள்கள் வருகின்றன. மூன்று அல்லது நான்கு தொடக்க எறிவாளர்களே போதும். ஒருவர் தம் அடுத்த முறைக்குக் காத்திருக்கும் நாள்களில் அவரை ஓர் இன்னிங்ஸுக்கு இடையில் அழைக்கவும் முடியும். மேக்ஸ் ஷெர்சர், ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், பாட்ரிக் கார்பின், அனிபால் சாஞ்செஸ் ஆகிய நால்வரை வைத்திருந்த அணிக்கு இந்த அட்டவணை மிகப் பெரிய அனுகூலமாக அமைந்தது. மாற்று எறிவாளர்களில் மார்டினெஸ் முழுமையாக நம்பியவர்கள் இருவர் மட்டுமே: ஷான் டூலிட்டில், ஜூலை இறுதியில் டொராண்டோவிலிருந்து பெறப்பட்ட டேனியல் ஹட்சன்.

ஆட்டங்களை இந்தக் கண்ணோடு மீண்டும் பாருங்கள். மில்வாக்கிக்கு எதிரான வைல்டு கார்டு ஆட்டத்தில் (பிளேஆஃபின் ஒற்றை ஆட்ட முதல் சுற்று) ஷெர்சருக்குப் பிறகு வந்தவர் ஸ்ட்ராஸ்பர்க். தம் மேஜர் லீக் வாழ்வில் முதன்முறையாக மாற்று எறிவாளராக இறங்கிய அவர், மூன்று இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அடுத்து டாட்ஜர்ஸுக்கு எதிரான தொடரின் இரண்டாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் ஷெர்சர் வந்து மூவரையும் ஸ்ட்ரைக்அவுட் செய்து ஆட்டமிழக்கவைத்தார். வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் ஷெர்சர் ஐந்து இன்னிங்ஸ், கார்பின் மூன்று இன்னிங்ஸ், கடைசி இன்னிங்ஸுக்கு ஹட்சன், அவ்வளவே. பருவம் முழுவதும் கசிந்துகொண்டிருந்த கூரையை அவர்கள் பழுதுபார்க்கவில்லை. அக்டோபரில் அதன் கீழே நிற்பதைத் தவிர்த்துவிட்டார்கள்.

இது தற்செயலாக அமைந்ததும் அன்று. பொது மேலாளர் மைக் ரிஸ்ஸோ ஆண்டுக்கணக்கில் பணத்தைத் தொடக்க எறிவாளர்களின் மீதே இறக்கினார். ஷெர்சருக்கு 2015-இல் ஏழு ஆண்டுகளுக்கு 21 கோடி டாலர், ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 2016-இல் ஏழு ஆண்டுகளுக்கு 17.5 கோடி, கார்பினுக்கு 2018 டிசம்பரில் ஆறு ஆண்டுகளுக்கு 14 கோடி. அணியின் முகமாக இருந்த பிரைஸ் ஹார்ப்பர் 33 கோடி டாலர் ஒப்பந்தத்துடன் பிலடெல்பியாவுக்குச் சென்ற அதே குளிர்காலத்தில்தான் கார்பின் வந்து சேர்ந்தார். அன்று பலர் அதைப் பெரும் இழப்பாகவே பார்த்தார்கள். ஓர் அணியை எதைக்கொண்டு கட்டுவது என்ற கேள்விக்கு ரிஸ்ஸோ வைத்திருந்த விடையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மறுமொழி – பழையகணக்கு

மேலே எழுதியிருப்பவரின் விளக்கத்தைப் பெரும்பாலும் ஏற்கிறேன்; ஆயினும் இரண்டு இடங்களில் மாறுபடுகிறேன்.

முதலாவது, அந்த உத்தி ஒவ்வொரு முறையும் பலிக்கவில்லை. டாட்ஜர்ஸுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தின் ஆறாவது இன்னிங்ஸில் கார்பினை இதே போல அழைத்தார்கள். அந்த ஒரே இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் ஏழு ரன்கள் எடுத்தது. அவற்றுள் ஆறு கார்பினின் கணக்கில் சேர்ந்தன. அந்தத் தொடரில் அத்துடன் வெளியேறியிருந்தால், மார்டினெஸின் துணிவு பிழையான முடிவாகவே பதிவாகியிருக்கும். மூன்று நாள்கள் கழித்து, ஐந்தாவது ஆட்டத்தில் அதே கார்பினை அவர் மீண்டும் அழைத்தார் என்பதுதான் எனக்கு வியப்பு.

இரண்டாவது, 19-31 என்ற எண்ணை நாம் அளவுக்கு மீறிப் பெரிதாக்குகிறோம். ஏப்ரல் தொடக்கத்தில் மட்டையாளர் டிரே டர்னரின் விரல் முறிந்து, மே மாத நடுப்பகுதி வரை அவர் ஆடவில்லை. அந்தோனி ரெண்டன், ஹுவான் சோட்டோ, ரையன் சிம்மர்மன் ஆகியோரும் அதே வாரங்களில் காயத்தால் விலகியிருந்தனர். மே தொடக்கத்தில் எறிவுப் பயிற்சியாளரையே மாற்றினார்கள். மட்டையாளர்கள் திரும்பியதும் அணி 74 ஆட்டங்களை வென்று 38-இல் மட்டுமே தோற்றது. சீசன் முழுவதிலும் 873 ரன்கள் எடுத்து 724 ரன்கள் கொடுத்திருக்கிறார்கள்; 149 ரன் வித்தியாசம் என்பது ஏறத்தாழ 95 ஆட்டங்களை வெல்லும் அணிக்கு உரியது, இவர்கள் வென்றது 93. ஆகவே மே மாதத்துப் பட்டியல்தான் நம்மை ஏமாற்றியது.

அதற்காக அதிர்ஷ்டமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். வைல்டு கார்டு ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் 3-1 எனப் பின்தங்கி, இருவர் ஆட்டமிழந்து, மூன்று தளங்களிலும் ஆள் நின்றபோது, சோட்டோ மில்வாக்கி எறிவாளர் ஜாஷ் ஹேடரை எதிர்த்து அடித்த பந்து வலப்புற ஆட்டக்காரரின் கையுறையைத் தாண்டிச் சென்றது. அவர் அதைச் சரியாக எடுத்திருந்தால் இருவர் மட்டுமே ஓடி வந்து ஆட்டம் 3-3 எனச் சமனாகியிருக்கலாம். பந்து தப்பியதால் மூவரும் வந்து 4-3 ஆயிற்று. அந்த ஒரு பந்தின் துள்ளலை எந்தத் திட்டத்திலும் சேர்க்க முடியாது.

செப்டம்பர் 3 ஆட்டத்தைப் பார்த்தீர்களா? மெட்ஸுக்கு எதிராக ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி தொடங்கும்போது 10-4 எனப் பின்தங்கியிருந்தவர்கள், ஏழு ரன்கள் எடுத்து 11-10 என வென்றார்கள். முடித்துவைத்தது கர்ட் சுசூக்கியின் ஹோம் ரன். பார்க்காவிட்டால் இன்றே பாருங்கள்.

கேள்வி கேட்டவர் – இரவுஆட்டம்

இருவருக்கும் மிக்க நன்றி. கார்பினின் அந்த மூன்றாவது ஆட்டத்தை நான் பார்க்காமல் கடந்திருந்தேன். இப்போது பார்த்தபோது விளக்கம் இன்னும் தெளிவாயிற்று. தொடர்ந்து இரண்டு கேள்விகள். ஏழாவது ஆட்டத்தில் ஆஸ்ட்ரோஸ் மேலாளர் ஹிஞ்ச், நன்றாக வீசிக்கொண்டிருந்த எறிவாளர் ஸாக் கிரேங்கியை மாற்றியது பிழையா? அடுத்து, 2012-இல் இதே ஸ்ட்ராஸ்பர்க்கை உடல்நலம் கருதிப் பிளேஆஃபில் ஆடாமல் நிறுத்தினார்களே, 2019-ஐப் பார்த்த பிறகு அந்த முடிவைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

மறுமொழி – கீழ்ப்பாதி

இந்த உரையாடலை இரண்டு நாள்களாகப் படித்துவருகிறேன். ஏழாவது ஆட்டத்தைப் பற்றி நான் எழுத விரும்புகிறேன், ஏனெனில் அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் ஒரு நியாயம் இருந்தது.

ஷெர்சரிடமிருந்து தொடங்க வேண்டும். அக்டோபர் 27 அன்று ஐந்தாவது ஆட்டத்தை அவர்தாம் தொடங்கவிருந்தார். கழுத்துப் பிடிப்பால் கையை உயர்த்த முடியாமல் விலகினார். ஊசி போட்டுக்கொண்டு மூன்றே நாள்களில் களமிறங்கிய அவர், ஏழு ஹிட்களும் நான்கு ‘வாக்’களும் (தவறான பந்துகளால் மட்டையாளருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் தளம்) கொடுத்தார். ஏறக்குறைய ஒவ்வொரு இன்னிங்ஸிலும் ஆஸ்ட்ரோஸ் ஆட்டக்காரர்கள் தளங்களில் நின்றார்கள். ஆனால் வந்து சேர்ந்தவை இரண்டே ரன்கள். மறுபுறம் கிரேங்கி ஆறு இன்னிங்ஸில் ஒரு ஹிட் மட்டுமே கொடுத்திருந்தார். ஏழாவதில் ரெண்டன் ஹோம் ரன் அடித்தார், சோட்டோ ‘வாக்’ பெற்றார், ஹிஞ்ச் மாற்று எறிவாளர் வில் ஹாரிஸை அழைத்தார். 36 வயதான ஹோவி கெண்ட்ரிக், தாழ்வாக வெளிப்புறம் சென்ற பந்தை எதிர்த்திசையில் அடித்து, வலப்புற ஃபவுல் கம்பத்தில் மோதச் செய்தார். அதுவும் ஹோம் ரன்; நேஷனல்ஸுக்கு 3-2 என முன்னிலை. டாட்ஜர்ஸுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில் கிராண்ட் ஸ்லாம் (மூன்று தளங்களிலும் ஆள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன்) அடித்தவரும் இவரே.

கிரேங்கி அதுவரை வீசியிருந்தவை 80 பந்துகள். அவரை இன்னும் ஒரு மட்டையாளருக்கு விட்டிருக்கலாம் என்பது என் கருத்து; ஆனால் ஹாரிஸ் வீசிய பந்து மோசமானதன்று, அதை அடித்த விதந்தான் அரிது. பெரிய பிழையாக எனக்குத் தோன்றுவது வேறு. ஆஸ்ட்ரோஸ் எறிவாளர் கெரிட் கோல், மாற்று எறிவாளர்கள் தயாராகும் இடத்தில் உடலைச் சூடாக்கியபடி இருந்தும் கடைசிவரை அழைக்கப்படவில்லை. முன்னிலையில் இருந்தால் முடித்துவைக்க அவரைப் பயன்படுத்தலாம் என்று ஹிஞ்ச் எண்ணியிருந்தார். அந்த முன்னிலை திரும்பவே இல்லை. தோற்றால் நாளை இல்லை என்ற ஆட்டத்தில் ஒருவர் தம் மிகச் சிறந்த எறிவாளரைச் சேமித்துவைத்தார், மற்றவர் கார்பினை அழைத்து மூன்று இன்னிங்ஸைக் கொடுத்தார். மூன்றாம்தளம் எழுதியிருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வாஷிங்டன் நகரத்துக்கு இது பழக்கமான காட்சியும்கூட. அந்நகரம் அதற்கு முன் வேர்ல்டு சீரிஸை வென்றது 1924-இல். அன்றும் ஏழாவது ஆட்டம். தொடக்க எறிவாளராக அதே தொடரில் இரண்டு ஆட்டங்களைத் தோற்றிருந்த வால்டர் ஜான்சன், ஒன்பதாவது இன்னிங்ஸில் இடையில் வந்து நான்கு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீச, பன்னிரண்டாவது இன்னிங்ஸில் அன்றைய வாஷிங்டன் அணியான செனட்டர்ஸ் 4-3 என வென்றது. அந்த அணி பிறகு மினசோட்டாவுக்குப் போய்விட்டது; நேஷனல்ஸ் 2005-இல் மாண்ட்ரியாலிலிருந்து வந்த வேறு அணி.

ஸ்ட்ராஸ்பர்க்கைப் பற்றி: 2010-இல் முழங்கை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட இளைஞரை 2012-இல் 159 இன்னிங்ஸோடு நிறுத்தினார்கள். 98 ஆட்டங்களை வென்ற அந்த அணி, அவர் இல்லாமல் செயின்ட் லூயிஸிடம் முதல் தொடரிலேயே வீழ்ந்தது. 2019-இல் அவர் பிளேஆஃபையும் சேர்த்து 245 இன்னிங்ஸ் வீசினார். பிளேஆஃபில் ஐந்து வெற்றி, தோல்வி இல்லை, வேர்ல்டு சீரிஸின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அதன்பின் 24.5 கோடி டாலருக்கு ஏழாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, காயங்களால் எட்டு ஆட்டங்களில் மட்டுமே வீச முடிந்தது. 2012-இல் நிறுத்தியதால்தான் 2019 கிடைத்தது என்று எவராலும் நிறுவ முடியாது. ஆயினும் 24 வயது எறிவாளரின் கையை ஓர் அக்டோபருக்காகப் பணயம் வைக்க மறுத்த முடிவை நான் அன்றும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். 31 வயதில், தாமே விரும்பி, தம் முழு வலிமையோடு வீசியவரின் நிலை வேறு.