ஊட்டி தோடர் சால்வை: 6,500 சொன்னதை 3,000-க்குக் கேட்டது தப்பா?

பயணப்பை:
போன வாரம் குடும்பத்தோட ஊட்டி போயிருந்தோம். வண்டி ஓட்டின தம்பி "தோடர் மந்து, அதான் அந்தப் பழங்குடி மக்கள் குடியிருக்கற ஊர், ஒண்ணு பக்கத்துலதான் இருக்கு, பாக்கறீங்களா"ன்னு கூட்டிட்டுப் போனார். ஒரு அம்மா வாசல்ல உக்காந்து வெள்ளைத் துணியில சிவப்பும் கறுப்புமா தைச்சுக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல மடிச்சு வெச்சிருந்த சால்வைக்கு விலை கேட்டேன். 6,500. நான் 3,000-க்குக் கேட்டேன். அவங்க ஒண்ணுமே சொல்லல. சால்வையை உள்ளே கொண்டுபோய் வெச்சுட்டு வந்து, விட்ட இடத்துல இருந்து தைக்க ஆரம்பிச்சுட்டாங்க. சாயங்காலம் கடைவீதியில அதே மாதிரி ஒண்ணு 450-க்குக் கிடைச்சது, வாங்கிட்டேன். வீட்டுக்காரம்மா அன்னிக்கு முழுக்க என்கிட்ட சரியாப் பேசல. பேரம் பேசினது தப்பா? மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க.

ஈரோட்டுக்காரன்:
இதுல தப்பு எங்கீங்க இருக்குது? நான் 20 வருசமா ஜவுளி ஏவாரம். விலை சொல்றது விக்கறவங்க உரிமை, குறைச்சுக் கேக்கறது நம்ம உரிமை, குடுக்காம உள்ள வெச்சது அவங்க உரிமை. கணக்கு அதோட முடிஞ்சுது. இன்னொண்ணும் சொல்றனுங்க. தோடர்கள் தறி போடறவங்க இல்ல. துணி, நூல் ரெண்டும் கீழ இருந்து காசு குடுத்து வாங்கறதுதான். 6,500-ல துணிக்கு எவ்வளவு போகும்னு எனக்குத் தெரியும்.

நூல்கண்டு:
துணிக்காசை யார் கேட்டா அண்ணா? அவங்க விக்கறது அதுமேல இருக்கற தையலை. அதுக்கு முன்கூட்டி வரையறது கிடையாது, துணிக்கு மரச்சட்டமும் மாட்டறதில்ல. துணியோட இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். அதுவும் பின்பக்கத்துல இருந்து தைப்பாங்க. தையல் போடப் போட எருமைக்கொம்பு, தேனடை, பாம்புன்னு உருவம் தானா எழும்பும். சும்மா ஆசைக்கு நானும் முரட்டுப் பருத்தித் துணி ஒண்ணுல முயற்சி பண்ணினேன். ஒன்றரை மணி நேரத்துல ரெண்டு விரல் அகலம். அதுல ஒரு இடத்துல அஞ்சு இழை விட வேண்டியது ஆறா விட்டிருந்தேன். கொம்பு ஒரு பக்கம் சாஞ்சு போச்சு. மொத்தத்தையும் பிரிச்சேன். பெரிய பூத்துக்குளி, அதான் அவங்க போத்திக்கற சால்வை, ஒண்ணு முடிக்க வாரக்கணக்காகும். இப்ப அந்த 6,500-ஐ வகுத்துப் பாருங்க.

@பயணப்பை, நீங்க வாங்கின 450 சால்வையைத் திருப்பிப் பாத்தீங்களா? நீளம் என்ன?

ஈரோட்டுக்காரன்:
சரிங்க, உழைப்புன்னே வெச்சுக்குவோம். எங்கூருல விசைத்தறியில ராத்திரி ஷிப்ட் நிக்கறவனும் உழைக்கறவன்தான். அவன் ஓட்டின துண்டை சந்தையில ஜோடி இவ்வளவுன்னு அடிச்சுப் பேசி வாங்கறோம். அப்ப யாருக்கும் மனசு உறுத்தறதில்ல. மலை, மூடுபனி, வாசல்ல ஒரு அம்மா, இது மூணும் சேந்தாத்தான் நமக்கு இரக்கம் வருது. 450 ரூவா சால்வையும் ஒருத்தன் சோறுதானுங்களே?

குன்னூர்_மழை:
விசைத்தறியைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் பேச்சு பேரத்திலேயே சிக்கிக் கிடக்கிறது, எனக்குக் குறை வேறு இடத்தில். அந்த 450 சால்வையை என்ன பெயர் சொல்லி விற்றார்கள்? 'ஒரிஜினல் தோடா' என்றுதானே? தோடர் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெயரைப் பொய்யாகப் போட்டு விற்றால் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். சட்டம் இருக்கிறது, கடைவீதியில் அச்சடித்த சால்வையும் தொங்குகிறது.

அடுத்தது மந்துக்குப் போவது. மந்து என்பது அவர்கள் குடியிருக்கும் ஊர், பார்வை இடம் அல்ல. (ஒத்தைக்கல் மந்து என்ற பெயர்தான் வெள்ளைக்காரன் வாயில் மாறி, கடைசியில் உதகமண்டலம் ஆனது என்பார்கள். அந்தக் கணக்கில் ஊட்டிக்குப் போகிறவர் எல்லோரும் மந்துக்குப் போகிறவர்தான்.) வண்டி ஓட்டுகிறவர் கூட்டிப்போனார் என்று முன்னறிவிப்பில்லாமல் நுழைந்து, வீட்டைப் படம் எடுத்து, கோயில் பக்கம் நடந்து, கடைசியில் விலையும் கேட்டால் யாருக்கு எரிச்சல் வராது? அந்தக் கோயில் பக்கம் அவர்கள் வீட்டுப் பெண்களே போவதில்லை. வாங்கத்தான் வேண்டும் என்றால் அரசின் பூம்புகார் கைவினைக் கடை இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர், ஊட்டியில் பழங்குடியினரின் பொருளை எடுத்து விற்கும் கடைகள் இருக்கின்றன. சீட்டில் விலை எழுதியிருக்கும், யார் முகமும் வாடாது.

மஞ்சப்பை:
தலைப்பை விட்டு விலகுறேன், மன்னிக்கணும். ஊட்டியில இருந்து 'மலைவாசிப் பொருள்'னு எங்க மாமா வருஷா வருஷம் நீலகிரித் தைலம் வாங்கிட்டு வருவார். அந்த மரம் வெள்ளைக்காரன் ஆஸ்திரேலியாவுல இருந்து கொண்டுவந்து நட்டதுன்னு போன தீபாவளிக்குச் சொன்னேன். இன்னும் கோவம் தீரல. ரோட்டோரம் பக்கெட்ல அடையோட விக்கற தேனைப் பத்தியும் யாராவது எழுதுங்க. குறும்பரும் இருளரும் கயித்துல தொங்கி எடுக்கற மலைத்தேன் அவ்வளவு சுலபமா ஹேர்பின் வளைவு தோறும் வந்து நிக்குமா என்ன?

ஈரோட்டுக்காரன்:
குன்னூர் சார், சட்டம் பேசினதால நானும் பேசறேன். புவிசார் குறியீடு காக்கறது பேரைத்தானுங்க, கோடு, கொம்புன்னு இருக்கற டிசைனை இல்ல. நான் அதே சிவப்பு, கறுப்பு போட்டு 'பார்டர் சால்வை'ன்னு வித்தா அந்தச் சட்டத்துல என்னை ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் நீங்க சொல்ற கடை. கடைன்னு வந்தா வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் அந்தச் சீட்டுலதான் ஏறும். வாசல்ல நேரா வாங்கினா முழுக்காசும் அந்தம்மா கைக்குப் போகுது. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க.

நூல்கண்டு:
நேரா வாங்கறது நல்லதுதான், முழு விலை குடுத்தா. பாதிக்குக் கேட்டுட்டு 'நேரா வாங்கினேன்'னு பெருமை என்ன வேண்டிக்கிடக்கு? பட்டுப்புடவைக் கடையில சீட்டைப் பாத்துட்டு வாயே திறக்காம பில் போடறவங்கதான் நாம.

ஈரோட்டுக்காரன்:
நான் அங்கயும் கேப்பனுங்க 😀 எங்க வீட்டம்மா பத்தடி தள்ளி நின்னுக்குவாங்க, இவரு யாரோன்னு.

சரி, ஒரு விசயத்துக்கு இறங்கி வரேன். கடைக்காரன் 'மெஷின், தோடா அல்ல'ன்னு போர்டு வெச்சுத்தான் விக்கோணும். அதை நானே எங்க சங்கத்துல பேசுவேன். இல்லாத பேரைச் சொல்லி விக்கறது ஏவாரம் இல்லீங்க. ஆனா பேரம் கூடாதுங்கறதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். வாங்கறவன் கேக்கறதே நின்னு போச்சுன்னா அந்தம்மாவுக்கு அவங்க சாமானைப் பத்திச் சொல்ற வாய்ப்பே இல்லாமப் போயிரும்.

குன்னூர்_மழை:
கேட்பது என்றால் என்னத்தைக் கேட்பது? "எத்தனை நாள் ஆச்சு, இந்தத் தையலுக்குப் பெயர் என்ன" என்று கேட்டால் சொல்வார்கள். புகூர் என்பார்கள், பூ என்று அர்த்தம். எடுத்த எடுப்பில் பாதி விலை என்றால் அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

பயணப்பை:
எல்லாருக்கும் நன்றி. நூல்கண்டு மேடம், இப்பத்தான் சால்வையை எடுத்துத் திருப்பிப் பாத்தேன். பின்பக்கம் தையலே இல்ல, வெறும் சாயம் ஊறி வந்த கறை. இஞ்சு டேப் வெச்சு அளந்தேன், ரெண்டு கெஜம்கூட இல்ல, தோள்ல போடற துண்டு அளவுதான்.

மந்துல பாத்தது எவ்வளவு பெருசுன்னு தெரியல. அந்தம்மா "விரிச்சுக் காட்டவா"ன்னு கேட்டாங்க. "வேண்டாம், விலையை மட்டும் சொல்லுங்க"ன்னுட்டேன். முதல் பதிவுல இதை எழுதாம விட்டுட்டேன்.