மறுமொழி: கருவாலி (ஓக்) மர வகைப்பாட்டில் ‘செக்‌ஷன்’ – தமிழில் என்ன?

> பேரினத்துக்கும் இனத்துக்கும் நடுவே வருவதற்குப் ‘பிரிவு’ போதுமே. இரண்டு துணைப்பேரினங்களையும் ‘புது உலகக் கருவாலி’, ‘பழைய உலகக் கருவாலி’ என்றே வைத்துவிடலாம்.

‘பிரிவு’ வேண்டாம் ஐயா. தாவரவியலில் ‘டிவிஷன்’ என்பதற்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அது வகுப்புக்கும் மேலே உள்ள படிநிலை. ‘செக்‌ஷன்’ என்பதற்கு ‘இனக்கொத்து’ என்றால் நெருங்கிய இனங்களின் தொகுப்பு என்பது சொல்லிலேயே தெரிகிறது.

நிலப்பெயர்தான் இடிக்கிறது. 2017-இல் வந்த வகைப்பாட்டின்படி கருவாலிகளின் பேரினமான குவெர்க்கஸில் 2 துணைப்பேரினம், 8 இனக்கொத்து. செர்ரிஸ் துணைப்பேரினத்துக்குப் ‘பழைய உலகம்’ பொருந்தும்: ஐரோப்பா, ஆசியா, வட ஆப்பிரிக்கா தவிர வேறெங்கும் அது தானாக வளர்வதில்லை. தக்கை தரும் மரமும் இமயமலைப் பாஞ்ச் மரமும் அதில்தான் வருகின்றன. ஆனால் இன்னொரு துணைப்பேரினத்திலுள்ள வெண்கருவாலிகள் அமெரிக்காவிலும் உண்டு, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உண்டு. (‘வெண்’ணும் ‘கரு’வும் ஒரே சொல்லில் மோதுவதை இப்போதைக்குப் பொறுத்துக்கொள்வோம்.) பொன்டிகே கொத்து இன்னும் வேடிக்கை. மொத்தமே 2 இனம். ஒன்று காக்கசஸ் பக்கம், மற்றது கலிபோர்னியா, ஓரிகன் மலைகளில். இதை எந்த உலகத்தில் சேர்ப்பீர்கள்?

> அப்படியானால் பண்பை வைத்துப் பெயரிடுவோம். செங்கருவாலிக்கு ‘முள்நுனிக் கருவாலி’ எப்படி?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் மட்டும் வளரும் லொபாட்டே கொத்தில், அதாவது செங்கருவாலிகளில், பெரும்பாலானவற்றின் இலைமடல்கள் மயிர்முள்ளில் முடிகின்றன, சரி. செர்ரிஸ் துணைப்பேரினத்துக்குள் அதே பெயரில் உள்ள கொத்தின் இலைப்பற்களிலும் அதே முள் உண்டே! இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. கொட்டை முதிர இரண்டு ஆண்டு ஆகும் என்பதைப் பிடித்தாலும் இதே சிக்கல்தான். போதாக்குறைக்குக் கலிபோர்னியாவின் அக்ரிஃபோலியா இனம், செங்கருவாலியாக இருந்துகொண்டே ஒரே ஆண்டில் முதிர்கிறது.

பண்புப்பெயர் தாங்குவது ஒரே இடத்தில்: கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவின் சைக்ளோபலனாப்சிஸ் கொத்து. கொட்டையைத் தாங்கும் கிண்ணத்தின் செதில்கள் ஒட்டி வளையம் வளையமாக இருப்பது கருவாலிகளில் இதற்கு மட்டும்தான். ‘வளையக்கிண்ணக் கருவாலி’ என்று வைக்கலாம். மற்றவற்றுக்கு வெண், செம் என்ற நிறப்பெயர்களே இருக்கட்டும். அவை இலையைப் பற்றியோ நாட்டைப் பற்றியோ எதையும் உறுதி சொல்வதில்லை.

விரென்டஸ் கொத்து மிச்சம். அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து மெக்சிகோ, கியூபா, மத்திய அமெரிக்கா வரை பரவியது. ‘பசுமைமாறாக் கருவாலி’ என்று யாரும் சொல்லிவிடாதீர்கள், ஐலெக்ஸ் கொத்திலும் பெரும்பாலானவை பசுமைமாறாதவைதான். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.