401கே-ல ஃபீ பிடிக்கிறாங்க, எந்த ஃபண்டுக்கு மாத்தலாம்?

ராலே_வாசி: வணக்கம். அமெரிக்காவுல கம்பெனி மூலமா ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கிற 401கே கணக்கோட ஸ்டேட்மென்ட்ல "அட்மின் ஃபீ"னு 18 டாலர் பிடிச்சிருக்காங்க. நான் எதையும் வாங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. வேலைல சேர்ந்தப்போ அவங்களே போட்டுவிட்ட ஃபண்டுதான். ஃபீ இல்லாத ஃபண்டு எதுன்னு சொல்லுங்க, மாத்திடறேன். கொஞ்சம் அவசரம்.

எடிசன்_கலை: எந்த ஃபண்டு? பேலன்ஸ் எவ்வளவு? 18 டாலர் மாசத்துக்கா, மூணு மாசத்துக்கா?

சும்மா_சுந்தர்: இது ஃபண்டை விக்கிறதுக்காகப் பிடிக்கிற 12பி-1 சார்ஜேதான். ஏஜென்டுக்குப் போற கமிஷன். என் பழைய கம்பெனிலயும் இப்படித்தான் உருவினாங்க.

கணக்கப்பிள்ளை: இதே கேள்வி இங்க எத்தனை தடவை வந்திருக்கு! தேடிப் பார்த்துட்டுக் கேட்கிற பழக்கமே யாருக்கும் கிடையாது. சுந்தர், 12பி-1 ஸ்டேட்மென்ட்ல தனி வரியா வராது தம்பி. எக்ஸ்பென்ஸ் ரேஷியோவுக்குள்ளயே, அதாவது ஃபண்டு வருஷத்துக்குப் பிடிக்கிற செலவு சதவீதத்துக்குள்ளயே, அடங்கிடும். இது ரெக்கார்ட்கீப்பர், அதாவது 401கே கணக்கு வழக்கைப் பார்த்துக்கிற கம்பெனி, வாங்குற பராமரிப்புக் கூலி. எந்த ஃபண்டுக்குப் போனாலும் கூடவே வரும்.

ராலே_வாசி: மூணு மாசத்துக்கு 18. பேலன்ஸ் 62,000 கிட்ட. ஃபண்டு பேர் டார்கெட் 2050-னு வருது. கூகுள்ல தேடினா டிக்கரே, அதாவது சந்தைக் குறியீடே, இல்ல. ஏமாத்து வேலையா?

எடிசன்_கலை: ஏமாத்து இல்லங்க. 2050 வாக்குல ஓய்வு பெறுறவங்களுக்கான ஃபண்டு அது, சிஐடியா இருக்கும், அதாவது ஓய்வூதியத் திட்டங்களோட பணத்தைச் சேர்த்து ஒரு வங்கியோ டிரஸ்ட் கம்பெனியோ நடத்துறது. ம்யூச்சுவல் ஃபண்டு மாதிரியேதான், ஆனா பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற எஸ்இசி-ல பதிவு பண்றதில்ல, அதான் டிக்கர் இல்ல. உங்க 401கே பிளான் வெப்சைட்ல 404ஏ-5 நோட்டீஸ்னு, ஃபீ விவரம் சொல்ற ஒரு பிடிஎஃப் இருக்கும், 2012-லேர்ந்து வருஷா வருஷம் கொடுத்தாகணும். அதுல "1,000 டாலருக்கு எவ்வளவு"ன்னு ஒரு பட்டியல் இருக்கும் பாருங்க.

ராலே_வாசி: பார்த்தேன். என்னோடது 0.78%, 7.80 டாலர். அதுலயே எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ், அதாவது அந்தப் பெரிய அமெரிக்கக் கம்பெனிப் பட்டியலை அப்படியே பின்பற்றுற ஃபண்டு, 0.03%, 30 சென்ட்.

எடிசன்_கலை: அங்கதான் இருக்கு விஷயம். கண்ணுக்குத் தெரியற கூலி வருஷத்துக்கு 72 டாலர். தெரியாம போறது 62,000-க்கு கிட்டத்தட்ட 484. இதைத் தினமும் என்ஏவி-லயே, அதாவது ஃபண்டோட யூனிட் விலைலயே, கழிச்சுடுவாங்க, ஸ்டேட்மென்ட்ல ஒரு வரி கூட வராது. இண்டெக்ஸ்ல இருந்தா 19 டாலர்கூட ஆகாது.

சும்மா_சுந்தர்: மொத்தத்தையும் எஸ் அண்ட் பி-ல தள்ளிட்டு நிம்மதியா தூங்குங்க.

கணக்கப்பிள்ளை: தள்ளு தள்ளுன்னா எப்படி? டார்கெட் ஃபண்டுக்குள்ள பாண்டு, வெளிநாட்டுப் பங்கு எல்லாம் இருக்கு. ரெண்டும் ஒண்ணா? லிஸ்டுல "இண்டெக்ஸ்"னு பேர் போட்ட டார்கெட் ஃபண்டு இருக்கான்னு முதல்ல பார்க்கச் சொல்லணும். ஃபீயைச் சின்ன விஷயம்னு நான் சொல்லல. அமெரிக்கத் தொழிலாளர் துறையே கணக்குப் போட்டிருக்கு: 25,000 டாலர், 35 வருஷம், 7% வருமானம். ஃபீ 0.5%-னா கடைசில கையில 2,27,000, 1.5%-னா 1,63,000.

ஊருக்குப்_போறேன்: எச்1பி வேலை விசாவுல இருக்கிறவருக்கு 401கே-யே எதுக்கு? திரும்பிப் போறப்போ மாட்டிக்கும்.

சும்மா_சுந்தர்: அப்போ நாம போடறதுக்கு ஈடா கம்பெனி போடற மேட்சை வேண்டாம்னு விட்டுடறதா?

ஊருக்குப்_போறேன்: 59½ வயசுக்கு முன்னாடி எடுத்தா வரியும் கட்டணும், அதுக்கு மேல 10% அபராதமும். எடுக்காம விட்டா இந்தியாவுல வருஷா வருஷம் வரி கேட்பான்.

கணக்கப்பிள்ளை: 2021-ல இந்திய வருமான வரிச் சட்டத்துல 89ஏ பிரிவு கொண்டு வந்தது தெரியாதா? அதுக்கான படிவத்தைப் போட்டா, எடுக்கிறப்போ வரி கட்டினா போதும். அரைகுறையா பயமுறுத்தாதீங்க.

ஊருக்குப்_போறேன்: உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும் சார்.

எடிசன்_கலை: இதுக்குத் தனி இழை போடுங்கப்பா. @ராலே_வாசி, இண்டெக்ஸ் டார்கெட் இருந்துதா?

ராலே_வாசி: இருந்துது, 0.09%. மாத்திட்டேன். நன்றி எல்லாருக்கும்.

எடிசன்_கலை: பழைய பேலன்ஸையும் மாத்தினீங்களா, இனிமே போற பணத்தை மட்டுமா? ரெண்டும் தனித்தனி பட்டன்.

எடிசன்_கலை: ஹலோ?