போர் தண்ணீர் உப்புக்கறை: குழாய், ஷவர், இட்லிப் பானை எல்லாம் வெள்ளையாகிவிட்டது, ஆசிட் இல்லாமல் வழி உண்டா?

கோவைக்காரி:
எல்லோருக்கும் வணக்கங்க. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். நாலு மாதம் முன்பு சென்னையில் மேடவாக்கம் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்தோம். குடிக்க மட்டும் கேன் தண்ணீர், மற்றதுக்கெல்லாம் போர் தண்ணீர்தான்.

குளியலறைக் குழாய்களில் சுண்ணாம்பு அப்பியது போலப் படிந்திருக்கிறது. ஷவரில் பாதி ஓட்டை அடைத்துவிட்டது, தண்ணீர் சுவரில்தான் பீய்ச்சி அடிக்கிறது. இட்லிப் பானையின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டியிருக்கிறது. துவரம்பருப்பு ஆறு விசில் விட்டும் முழுசு முழுசாக நிற்கிறது.

சமையல் சோடா போட்டு நாரால் தேய்த்தேன், கைதான் வலித்தது. அப்புறம் பாத்ரூம் ஆசிட் ஊற்றினேன். கறை போனது, கூடவே ஒரு குழாயின் பளபளப்பும் போய்விட்டது. காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துவிடுவார்களோ என்று பயம். தவழ்கிற குழந்தை வேறு இருக்கிறாள், இனி அந்த ஆசிட் பாட்டிலை வீட்டுக்குள் வைக்க மனமில்லை. வீட்டில் இருப்பதை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா?

மாடித்தோட்டம்:
பல் தேய்க்கும் பேஸ்ட் கொஞ்சம் போட்டு, பழைய பிரஷால் தேய்த்துப் பாருங்கள். எங்கள் வீட்டு வாஷ்பேசின் குழாய் பளிச்சென்று ஆனது.

புளிக்கரைசல்:
பேஸ்ட் லேசான மங்கலைத்தான் எடுக்கும். ஓடு மாதிரி கட்டியதற்குப் போதாதம்மா.

நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் 1993-லிருந்து இதே போர் தண்ணீரோடுதான் இருக்கிறோம். முதல் இரண்டு வருடம் நானும் உன்னைப் போலத்தான் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்தேன். எங்கள் மாமியார்தான் ஒரு நாள், "தேய்க்காதே, ஊற வை" என்றார். அவர் ரசத்துக்குக் கரைத்த புளிச்சக்கையைத் தூக்கி எறியவே மாட்டார். பித்தளைக் குடம், விளக்கு, பக்கெட் எல்லாவற்றுக்கும் அதுதான். சக்கையோடு ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து பக்கெட்டில் பூசி, கால் மணி நேரம் விட்டுக் கழுவுவார்.

குழாய்க்கு: பழைய பருத்தித் துணியை வெள்ளை வினிகரில் நனைத்து, கறை உள்ள இடத்தில் சுற்றி, மேலே பால் கவரைப் போட்டு ரப்பர் பேண்டால் கட்டு. முக்கால் மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க விடாதே, குழாயின் பூச்சு கெடும். பிரித்து, பழைய டூத் பிரஷால் லேசாகத் தேய்த்தாலே உதிர்ந்து வரும். நன்றாகக் கழுவித் துடைத்துவிடு.

ஷவருக்கு: கழற்ற வந்தால் கழற்றி வினிகரில் போடு. வராவிட்டால் கவரில் வினிகர் ஊற்றி, தலை மூழ்கும்படி கட்டிவிடு. அப்புறம் ஓட்டைகளை ஊசியால் குத்தினால் சுலபமாகத் திறக்கும்.

இட்லிப் பானைக்கு: மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேள், சிட்ரிக் அமிலத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டுக் கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் அப்படியே வை. கொட்டும்போது ஓடு செதில் செதிலாக வரும். எவர்சில்வர் பானைக்குத்தான் இந்த அளவு. அலுமினியம் என்றால் பாதி போதும், ஊறவிடாமல் உடனே கழுவிவிடு. இனிமேல் இட்லி வைக்கும்போது பிழிந்த எலுமிச்சைத் தோல் ஒன்றை அடித் தண்ணீரில் போட்டுவிடு, சீக்கிரம் படியாது.

பருப்புக்கு வேறு வழி இல்லை, கேன் தண்ணீரில் ஊறவைத்து அதிலேயே வேகவை. உப்பும் புளியும் பருப்பு வெந்த பிறகுதான்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
அந்த அம்மா சொன்னது முழுக்கச் சரி. படிந்திருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளிப்பு எதுவானாலும் அதைக் கரைத்து, கரியமில வாயுவாக நுரைக்க வைக்கும். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், வினிகரில் அசிட்டிக் அமிலம். சமையல் சோடா காரம், அதனால் உங்களுக்குப் பயன்படவில்லை. சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். பொங்குவது அழகாக இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடும்.

தரையில் மார்பிள் அல்லது மொசைக் என்றால் வினிகர் ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான், மங்கிவிடும். இன்னொன்று மிக முக்கியம்: பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ வேறு எந்த அமிலமோ கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில், குழந்தை உள்ள வீட்டில், உயிருக்கே ஆபத்து.

முடிந்தால் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. துணி துவைக்கும்போது முதலில் தண்ணீரில் கொஞ்சம் வாஷிங் சோடா கலந்தால் நுரை நன்றாக வரும்.

கோவைக்காரி:
ஐயா, அம்மா, ரொம்ப நன்றிங்க. குளியலறையில் டைல்ஸ்தான், ஹாலில்தான் மொசைக். ஒரு சந்தேகம்: வினிகர் வாசனை குழந்தைக்கு ஆகாதா?

புளிக்கரைசல்:
ஜன்னலைத் திறந்து வைத்து, அவள் தூங்கும்போது செய். கழுவிவிட்டால் வாசனை நிற்காது. இன்னொன்றும் சொல்ல மறந்துவிட்டேன். கறை வருவதே குழாயில் தங்கும் தண்ணீர் காய்வதால்தான். கடைசியாகக் குளிக்கிறவர் ஒரு துண்டால் துடைத்துவிட்டு வரட்டும். எங்கள் வீட்டில் அது பேரனுடைய வேலை, குளியலறைக் கதவுக்குப் பின்னால் துணி தொங்கும்.

கோவைக்காரி (நான்கு நாள் கழித்து):
ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். இரண்டு குழாயும் ஒரே தடவையில் சுத்தமாகிவிட்டன. வாஷ்பேசின் குழாய்க்கு மட்டும் இரண்டாம் தடவை துணி சுற்ற வேண்டியிருந்தது. ஷவரில் இரண்டு ஓட்டை தவிர எல்லாம் திறந்துவிட்டன, தண்ணீர் இப்போது தலையில் விழுகிறது. எலுமிச்சை உப்பு பக்கத்துக் கடையில் இல்லை, அடுத்த தெருவில் 50 கிராம் பாக்கெட் கிடைத்தது. இட்லிப் பானையின் அடி தெரிகிறது. நேற்று பருப்பைக் கேன் தண்ணீரில் வைத்தேன், மூன்று விசிலில் குழைந்துவிட்டது அம்மா. ஆசிட் பட்ட குழாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது, அதை மாற்ற பிளம்பரிடம் சொல்லியிருக்கிறேன்.