காதல், ஒழுக்கம், ஊர் வாய்: எந்தப் பழைய நாவலில் தொடங்கலாம்?

மஞ்சக்குப்பம் வாசகி:
ஞாயிறு மாலை சில்வர் பீச்சில் நாங்கள் சில பெண்கள் கூடி நாவல் பேசுகிறோம். ஊர் வாய்க்கு ஈடுகொடுத்த பெண்ணின் கதை வேண்டும் என்கிறார்கள். எதில் தொடங்கலாம்?

புதுவை அண்ணன்:
மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா? ஜெயகாந்தன் உங்கள் ஊர்க்காரர்தானே! 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எடுங்கள். 1972 சாகித்திய அகாதெமி விருது. ஆனால் அதற்கு முன் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை. அதில், ஒரு மழை இரவில் முன்பின் தெரியாதவன் காரில் ஏற்றிக் கெடுத்துவிட்ட மகளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, விஷயத்தை அங்கேயே முடித்துவிடுகிறாள். நாவலில் அதே அம்மா கத்திக் கூப்பாடு போடுகிறாள். அந்த மகள் கங்காவின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது, என்னைக் கேட்டால், அந்த இரவைவிட அந்தக் கூப்பாடுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள், சண்டையே வரும்.

திருப்பாதிரிப்புலியூரான்:
அப்புறம் ஃப்ளோபேர் எழுதிய பிரெஞ்சு நாவல் 'மதாம் பொவாரி'. ஒழுக்கக்கேடு என்று 1857-ல் ஃப்ளோபேர் மேல் வழக்கே நடந்தது, விடுதலையானார். கதாநாயகி எம்மாவைக் காதல் கெடுத்தது என்பார்கள். எனக்கு அந்தக் கடன் வியாபாரி லெரு மேல்தான் ஆத்திரம்.

மஞ்சக்குப்பம் வாசகி:
சரி அண்ணா, சிறுகதையே முதலில். எம்மாவை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்கிறோம்.